பூவிழியை யார் அழவைத்தது

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலை கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றேன். பாளையங்கோட்டையில் இப்படி ஒரு இல்லம் இருப்பது உள்ளூர்க்காரர்களுக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் மூன்று இடத்தில் நிறுத்தி விசாரித்தார். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளை வைத்து வளர்த்து, முறைப்படி தத்துக் கொடுக்கும் இடம். இப்போது ஒன்பது குழந்தைகள். எல்லாம் இரண்டு வயதுக்குக் கீழே.

எனக்கு முன்பு இங்கே இருந்த அம்மா சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாசல்வரை போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"பூவிழின்னு ஒரு பிள்ளை. ரெண்டு ஜோடி வந்து பாத்துட்டு வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க. பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லை. இங்க யாரோ என்னமோ செய்றாங்க. யாருன்னு எனக்குக் கடைசிவரைக்கும் பிடிபடலை. நீங்க பாத்து இருங்க."

பகல் ஆயாக்கள் மூன்று பேர். அதில் ஒரு பெண் போன வாரம்தான் சேர்ந்திருக்கிறாள், அவளை விட்டுவிடலாம். இரவு ஆட்களைத் தம்பதியர் பார்ப்பதே இல்லை. மிச்சம் இரண்டு பேர்: ஜெபக்கனி, இசக்கியம்மாள்.

மதியம் இருவரையும் தனித்தனியாக அறைக்கு அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன். இந்த வேலை பிடித்திருக்கிறதா?

இசக்கிக்கு முப்பது வயதிருக்கும். கேட்ட உடனே கண் கலங்கிவிட்டது. "உயிரு மேடம். ஞாயித்துக்கிழமை லீவுன்னாலே வீட்ல இருப்பு கொள்ளாது."

ஜெபக்கனிக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். நாற்காலியில் உட்காரச் சொன்னபோதும் நின்றுகொண்டே பதில் சொன்னாள். "முன்ன பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். இங்க மாசம் பொறந்தா சம்பளம் வருது."

"அது சரி. பிடிச்சிருக்கா?"

"பிடிச்சாத்தான் செய்யணுமா மேடம்?"

பதிலுக்குப் பதில். கண்ணில் ஒரு அசைவு இல்லை. குழந்தைகளோடு இருக்கும் ஒரு பெண் இப்படிப் பேசுவாளா? இவள்மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

எனக்குமே குழந்தைப் பைத்தியம் கிடையாது. நாற்பத்தொரு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததில் குழந்தை ஆசையின்மைக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் நிர்வாகி. என் விஷயம் வேறு.

ஆகஸ்ட் 7, வியாழன்

துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறாராம். ஈரத் துணிகளைக் கையால் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். தண்ணீர் லாரிக்கு இரண்டு முறை போன் செய்தேன்.

இதற்கு நடுவே கதவோரம் நின்று ஜெபக்கனி பால் கொடுப்பதைக் கவனித்தேன். குழந்தையின் தலையைக் கையில் தாங்கி, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறாள். ஒரு கொஞ்சல் இல்லை, ஒரு பாட்டு இல்லை. முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, படுக்கவைத்து, அடுத்தது. பக்கத்துத் தொட்டிலில் ஒன்று வீரிட்டு அழுகிறது. "அழட்டும். இவனுக்குத் துடைச்சிட்டு வாரேன்" என்று அதனிடமே சொல்கிறாள், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதுபோல.

இசக்கியை இதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டும். அவள் வந்தால் அறையே சிரிக்கிறது. பூவிழி இங்கு வந்தபோது ஒரு கைக்கு அடங்குகிற எடைதானாம். ஒரு மாதம் இசக்கிதான் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாளாம். "அவ இல்லேன்னா பிள்ளை தங்கியிருக்காது" என்று சமையல்காரம்மா சொன்னார். இப்போது பூவிழிக்கு ஏழு மாதம். கன்னம் இரண்டும் பணியாரம்போல இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஜெபக்கனி இன்றும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

கோயம்புத்தூர்த் தம்பதியர் பூவிழியைப் பார்க்க வந்தார்கள். எட்டு வருடமாகக் காத்திருந்தவர்களாம். அந்தப் பெண் ஒரு வெள்ளைத் துணிப்பையில் கிலுகிலுப்பை, சட்டை, வெள்ளிக் கொலுசு எல்லாம் கொண்டுவந்திருந்தார்.

குழந்தையை ஜெபக்கனிதான் தூக்கி வந்தாள். அந்தப் பெண் கைநீட்டியதும் பூவிழி வில்லாக வளைந்து கத்தத் தொடங்கினாள். சாதாரண அழுகை இல்லை. முகம் செக்கச் சிவந்து, மூச்சு அடைத்து, கையைக் காலை உதறி. அவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். அவளோ அதைத் தட்டிவிட்டாள். கணவர் மெதுவாக என்னைக் கேட்டார்: "மேடம், இவளுக்கு மூளைல ஏதாச்சும்...?"

இசக்கி ஓடிவந்து வாங்கியதும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். யோசிக்கப் போகிறவர்கள் கொலுசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெபக்கனியை அழைத்து விசாரித்தேன்.

"சனிக்கிழமை காலைல குழந்தைய என்ன செஞ்சீங்க?"

"குளிப்பாட்டி உடுப்பு மாட்டுனேன். நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு எங்கையில இல்ல. அவிய வந்துட்டாவன்னு சொன்னதும் தூக்கியாந்தேன்."

"நடுவுல யார்கிட்ட இருந்தது?"

"இசக்கிட்ட. பிள்ளை பசியில கெடந்துச்சு மேடம். உறக்கமும் இல்ல. தூக்கும்போதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க வாசல்ல நின்னு அவியளக் கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

பழியை இசக்கிமேல் எவ்வளவு லாகவமாகத் தள்ளுகிறாள் பாருங்கள். உயிரைக் கொடுத்து வளர்த்தவள் குழந்தையைப் பட்டினி போடுவாளா? டாக்டர் அருள்நேசன் வந்து முழுதாகப் பரிசோதித்தார். குழந்தை அருமையாக இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து முறைப்படி மறுப்பு வந்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. எனக்கு மனம் கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். முதலில் மழுப்பினார். பிறகு சொல்லிவிட்டார்.

"மறைச்சு என்னங்க ஆகப்போகுது. அவளுக்கு வலிப்பு வருதுன்னு உங்க ஆயா ஒருத்தங்க சொன்னாங்க. நீங்க யாரும் சொல்ல மாட்டீங்களாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. எங்க மேல இருக்கற அக்கறைலதான் சொன்னாங்க."

எந்த ஆயா என்று கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி ரோஸ் சேலை கட்டியிருந்தார்கள், சரியாக ஞாபகமில்லை என்றார்.

பூவிழிக்கு வலிப்பு கிடையாது. எந்த நாளும் கிடையாது.

ஆக, முந்தைய அம்மா சொன்னது உண்மை. ஜெபக்கனிக்கு அழவும் தெரியும் என்பது மட்டும் எனக்குப் புதுச்செய்தி. வேலையில் ஒட்டுதல் இல்லாதவளுக்கு எதையும் செய்ய மனம் வரும். குழந்தைகள் போய்க்கொண்டே இருந்தால் வேலை போய்விடும் என்று பயமோ என்னவோ.

நாளை முதல் ஜெபக்கனிக்குத் துவைக்கும் அறை. பூவிழியை முழுப் பொறுப்பாக இசக்கியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மாற்றத்தைச் சொன்னபோது ஜெபக்கனி "சரி" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. தப்பு செய்யாதவள் கேட்டிருப்பாள்.

செப்டம்பர் 3, புதன்

பாதுகாப்புக்காகப் பூவிழியைப் பகலில் சிறிது நேரம் என் அறையிலேயே வைத்துக்கொள்கிறேன். என் கண் எதிரில் இருந்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மேஜை முனைகள் கூராக இருந்ததால் ஸ்பாஞ்சு வாங்கி ஒட்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தாள். வளர்ச்சியைக் குறித்துவைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வெயில் கடுமையாக இருப்பதால் ஒரு தொப்பி வாங்கினேன். மஞ்சள். மற்ற குழந்தைகள் வெளியே வருவதில்லை, அதனால் ஒன்று போதும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தருமபுரியிலிருந்து ஒரு தம்பதியர் பூவிழியைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தத்துக்கான அரசு இணையதளத்தில் தகவல் வந்திருக்கிறது. கணவர் மின்வாரியத்தில் லைன்மேன், மனைவி ஆசிரியை. இருவருக்குமே நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் ஒரு குழந்தைக்குப் பின்னால் ஓட முடியுமா?

எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார்கள். பூவிழிக்கு லேசாகச் சளி. டாக்டரிடம் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டுப் பதில் சொல்வதுதான் முறை. அவகாசம் இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

அறக்கட்டளைச் செயலர் பால்துரை ஐயா போன் செய்தார். "தருமபுரிக்காரங்க எனக்கு ரெண்டு வாட்டி போன் அடிச்சிட்டாங்க. நீங்க பதிலே சொல்லலையாமே?" என்றார். சளி என்றேன். "சளி பிடிக்காத பிள்ளை எங்கம்மா இருக்கு?" என்று சிரித்தார்.

சிரிப்பில் என்ன அர்த்தம்? ஜெபக்கனி அவரிடம் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று தோன்றுகிறது. துவைக்கும் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் என் மேஜை நன்றாகத் தெரியும். இன்று திரை மாட்டச் சொன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

டாக்டர் மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்தார். பூவிழி பிரமாதம். மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் மாறனின் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். மாறனுக்குப் பத்து மாதம். எடை குறைந்திருக்கிறது. இன்னும் இருவருக்குத் தொடையிடுக்கில் புண்.

"ஒரு மாசத்துல எப்படி இப்படி ஆச்சு? முன்னால இவனுக்கு யார் ஊட்டினா?"

புதுப்பெண் பட்டென்று சொல்லிவிட்டாள்: "ஜெபக்கனியக்கா. இப்போ இசக்கியக்காவுக்குப் பூவிழியவே பாக்க நேரம் சரியாப் போவுது. மத்ததெல்லாம் நான் ஒருத்திதான் பாக்கேன்."

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

ஆள் பற்றாக்குறையால் ஜெபக்கனியை மீண்டும் குழந்தைகள் அறைக்கு மாற்றியிருக்கிறேன். வேறு காரணம் இல்லை. அதற்கும் "சரி"தான். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள், மாறனைத் தூக்கினாள், சுவரைப் பார்த்தபடி ஊட்டத் தொடங்கினாள். அவன் காய்ந்து கிடந்தவன்போல விழுங்குகிறான்.

தருமபுரிக்கு அக்டோபர் பதினொன்று வரச்சொல்லிப் பதில் போட்டேன். சான்றிதழ் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்பதைச் செயலர் கவனித்திருக்க மாட்டார்.

அக்டோபர் 11, சனி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். எழுதிவிட்டுத் திருத்தக் கூடாது.

இந்த முறை யாரையும் நம்பவில்லை. காலையிலிருந்து பூவிழியை நானே வைத்திருந்தேன். நானே பால் கொடுத்தேன், என் அறையிலேயே தூங்கவைத்தேன். எழுந்து விளையாடிக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள்.

லைன்மேன் பெயர் மாதப்பன். உள்ளங்கை எல்லாம் காய்த்துப்போயிருந்தது, அதைக் காட்டக் கூச்சப்பட்டுப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி வளர்மதி குழந்தையைப் பார்த்ததும் பாயவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பூவிழி தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறி அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏய், அது இல்லாட்டி எனக்கு உன்னைத் தெரியாதுடி" என்றார் வளர்மதி. பூவிழி சிரித்தாள். என்னிடம் சிரிக்கிற அதே சிரிப்பு.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

மருத்துவ அறிக்கையை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். இசக்கி பூவிழிக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கோப்போடு திரும்பியபோது கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இசக்கியின் குரல்.

"அம்மா, உங்களப் பாத்தா எம்மனசு கேக்கல. இங்க யாரும் சொல்ல மாட்டாவ. பிள்ளைக்கு ரெண்டு வாட்டி வலிப்பு வந்துட்டு. வாயில நுரை தள்ளிட்டு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

இசக்கி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு.

கதவைத் தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை. மாதப்பன் கேட்பது காதில் விழுந்தது: "வலிப்புன்னா... ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனீங்களாம்மா?" இடுக்கு வழியே வளர்மதியின் முகம் தெரிந்தது. அது மெல்ல மெல்ல அணைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மரத்துப்போய்விட்டது என்று எழுதலாம் என நினைத்தேன். மரக்கவில்லை.

எனக்குப் பின்னால் வாளியைத் தரையில் வைக்கிற சத்தம். ஜெபக்கனி. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்படி ஒண்ணும் கெடையாது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வந்த நாள்ல இருந்து நானும் பாக்கேன். ஒருநாளும் வலிப்பு கெடையாது. மேடம் இங்கனதான் நிக்காங்க. அவ்வோகிட்டயே கேளுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பூவிழியும் பார்த்தாள், கண்ணாடியின் ஒரு காது அவள் வாயில் இருந்தது.

"மேடம்?" என்றார் வளர்மதி.

இசக்கியின் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது மன்னிப்புக்கான கெஞ்சல் இல்லை. என்னைத் தன் பக்கத்து ஆளாகப் பார்த்த கெஞ்சல்.

"வலிப்பு எதுவும் கிடையாது" என்றேன். "குழந்தை நல்லா இருக்கா. டாக்டர் அறிக்கை இந்தாங்க."

சொல்லி முடித்ததும் வாய் கசந்தது.

மாதப்பன் அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்தார். பிறகு, "வலிப்பு இருந்தாலும் கூட்டிக்கினுதான் போயிருப்போம்" என்றார் மனைவியைப் பார்த்து. "ஆமா, மாத்திரை கொடுத்தா சரியாயிடும்" என்றார் வளர்மதி. சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

அக்டோபர் 13, திங்கள்

இசக்கியை அழைத்தேன். அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். நான் வருவதற்கு முன்பு வந்த இரண்டு ஜோடியிடமும், கோயம்புத்தூர்ப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னாளாம். கோயம்புத்தூர்க்காரர்கள் வந்த அன்று தூங்கவிடாமலும் பால் கொடுக்காமலும் வைத்திருந்தாளாம்.

"உயிரா வளர்த்த பிள்ளையப் பட்டினி போட எப்படி மனசு வந்தது உனக்கு?"

"ஒரு நேரந்தான மேடம். போயிட்டா ஆயுசுக்கும் இல்லையே." அழுகை நின்றுவிட்டது. "எஞ்சூட்டுல பொழைச்ச பிள்ளை. தரமாட்டேன்னு சொல்ல எனக்குப் பாத்தியத கெடையாது. எங்க வீட்டுக்கு ஒரு நாதியும் கெடையாது, யாரு எனக்குத் தருவா? வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "நீங்களுந்தான் அவிய வரதுக்கு நாளக் கடத்துனீங்க. எனக்குத் தெரியும். நான் உங்கள ஒண்ணும் சொல்லலையே."

எழுந்து போகச் சொன்னேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். புதுப்பெண் எட்டிப் பார்த்தாள்.

செயலரிடம் நடந்ததைச் சொன்னேன். இசக்கியை நிறுத்திவிடச் சொன்னார். போலீஸ் வேண்டாம், இல்லத்தின் பேர் கெட்டுவிடும் என்றார். போன வருடத் துண்டறிக்கையில் இசக்கியின் படம்தான் போட்டிருந்தோம், 'அன்பே எங்கள் மூலதனம்' என்று. அதையும் மாற்ற வேண்டுமாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

இசக்கி போய்விட்டாள். பூவிழி தூங்கும்போது போனாள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெபக்கனி செயலரிடம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றதை அவள் பார்த்தாள். இன்று செயலர் வந்திருந்தார். அவருக்குத் தேநீர் கொண்டுபோனவள் ஜெபக்கனிதான். நான் கணினியில் எதையோ தேடுவதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "வாஷிங் மிஷினு மறுபடியும் நின்னுட்டு ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

எதற்காகச் சேர்த்துவைக்கிறாள்? பிறகு எப்போதாவது பயன்படும் என்றா?

அக்டோபர் 21, செவ்வாய்

பொறுக்க முடியாமல் மொட்டைமாடிக்குப் போனேன். ஜெபக்கனி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் நின்னதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"என்ன சொல்லதுக்கு? நின்னீங்க. பொறவு சொன்னீங்க. பிள்ளை போகப்போவுது."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"நான் சொல்லிட்டேம்லா."

அவள் கை நிற்கவேயில்லை. நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன். நான் மடித்ததை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கு இந்தக் குழந்தைங்க மேல பாசமே கிடையாதா?"

"வீட்ல மூணு இருக்கு மேடம். மூத்தவன் எங்கூடப் பேசியே ரெண்டு வருசம் ஆவுது. இருக்க பாசம் அதுங்களுக்கே பத்தல. இங்க நான் கையத்தான் கொண்டாரேன்."

"பூவிழி போறாளே, ஒண்ணுமே தோணலையா?"

யோசித்தாள். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "தோணல" என்றாள். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். பாதிக் கூடை மிச்சம் இருந்தது. நான்தான் மடித்து வைத்தேன்.

இவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுவது நல்லது.

அக்டோபர் 24, வெள்ளி

செயலருக்கு போன் செய்து, தருமபுரிக்குப் பதில் போடாமல் வேண்டுமென்றே தாமதித்ததையும், கதவுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

"இதையெல்லாம் எழுத்துல கொடுத்துராதீங்க மேடம்" என்றார். "உங்க இடத்துக்கு ஆள் பிடிக்கவே எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு."

அப்படியானால் இசக்கிக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 5, புதன்

வளர்மதி போன் செய்தார். சனிக்கிழமை அழைத்துப் போக வருகிறார்கள். தத்துக்கான இறுதி உத்தரவு பின்னால் வரும், குழந்தை இப்போதே அவர்களிடம் போகலாம்.

"மேடம், அன்னைக்கு அந்தம்மா, வலிப்புன்னு சொன்னாங்களே. அவங்களைப் பாக்கணும்."

புகார் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவள் இப்போது இங்கே இல்லை என்றேன்.

"ஐயோ. இவளை எப்படித் தூங்கவைக்கறதுன்னு அவங்களைத்தான் கேக்கணும்னு இருந்தேன். பொய் சொல்லிப் பிடிச்சு வைக்கற அளவுக்கு இருந்தவங்களுக்குத்தானே தெரியும்."

நவம்பர் 6, வியாழன்

இசக்கியின் வீட்டுக்குப் போனேன், மேலப்பாளையம் தாண்டி. ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறாளாம். வாசலிலேயே நின்று பேசினோம். வளர்மதி கேட்டதைச் சொன்னேன்.

"என்னைச் சோதிக்கியளா மேடம்?" என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது, நான் எதற்கு வந்தேன் என்று. "வந்தா வா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நவம்பர் 8, சனி

வந்தாள். கேட்டுக்கு உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றாள். வளர்மதிதான் வெளியே போனார். நான் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இசக்கி தன் இடது கையை மடித்து, வலது கையால் காற்றில் தட்டிக் காட்டினாள். எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு மெதுவாக என்று. வளர்மதி அதேபோலச் செய்து காட்டினார். இல்லை என்று தலையாட்டி மறுபடி காட்டினாள். இருவர் கையிலும் குழந்தை இல்லை. குழந்தை உள்ளே மாதப்பனின் தோளில் இருந்தது.

ஜெபக்கனி பூவிழிக்கு உடுப்பு மாட்டி, பால் பாட்டில்களைக் கழுவிப் பையில் வைத்து, மாற்றுத்துணி அடுக்கிக் கொடுத்தாள். வழியில் கொடுப்பதற்கு என்று வெந்நீரும் வைத்திருந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வழியனுப்ப வரவில்லை.

கார் கதவு வரைக்கும் நான் போனேன். ஒருமுறை தூக்கிக்கொள்ளுங்கள் என்று வளர்மதி நீட்டினார். வேண்டாம், தூக்கம் கலையும் என்றேன். அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. விழித்துத்தான் இருந்தாள். கார் திரும்பும்போது இசக்கி மரத்தடியில் இல்லை.

மதியம் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. குடோனைத் திறந்து பால்பவுடர் டின்களை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணியும் இரண்டு விதமாக வந்தது.

நான்கு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பையன். பிறந்து நான்கு நாள். பெயர் இல்லை. தலை ஒரு பக்கம் நசுங்கி, தோல் உரிந்துகொண்டு, கிழவன்போல இருந்தான். புதுப்பெண் விடுமுறை. ஜெபக்கனி கையில் மாறன், காலடியில் இன்னொன்று.

"நீங்க கொடுங்க" என்றாள்.

சங்கில் பாலை வாங்கினேன். அவனை மடியில் போட்டுக்கொண்டேன். அவன் முகத்தில் எனக்குப் பிடித்த எதையும் காணவில்லை. எதுவும் தோன்றவில்லை, காலையில் போன காரின் சத்தம்தான் காதில் இருந்தது. தலையைத் தாங்கி, சங்கை உதட்டில் சாய்த்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன்.

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.